வீட்டுச் சத்தம்

பெங்களூர்
12-1-1980

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆரப்பாளையம் கண்ணுச்சாமி எழுதுகிறேன். விருமாண்டியோடு டிரம்ஸ் வாசித்தவன். போன மாசியில் அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருமுனையில் நின்று அழுதேனே, நீள முடிக்காரன், அம்மாகூட அந்த நிலையிலும் "அந்தப் பயலுக்குச் சோறு போட்டீகளா?" என்று கேட்டார்களே, அவன்தான். முடியை இப்போது வெட்டிவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. பம்பாயில் ஒரு ரெக்கார்டு கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் இங்கே எங்கள் கச்சேரிகளை முன்பு கேட்டிருக்கிறார். "உங்கள் கிதார்காரர் விரு வாசித்தது ஏதாவது பதிவாகி இருக்கிறதா? இருந்தால் இசைத்தட்டாகப் போடலாம்" என்கிறார். எங்களிடம் இருக்கிற கச்சேரி டேப்பில் விசில்தான் கேட்கிறது. ஆனால் மஞ்சள் காமாலையோடு ஊருக்கு வந்து உங்கள் மாடி அறையில் கிடந்த மாதங்களில், தனியாக வாசித்துப் பதிவு செய்வதாக எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தான். "மாப்ள, இப்பத்தான்டா எனக்கு வாசிக்கவே வருது" என்று எழுதியிருந்தான். அந்த டேப் ஸ்பூல்கள் உங்களிடம் இருக்கின்றனவா?

முதலில் ஒன்று போதும். ஆரப்பாளையத்தில் எங்கள் லாட்ஜில் என் அப்பாவிடம் கொடுத்தால் இங்கே வந்து சேர்ந்துவிடும். அவன் இருந்தான், இப்படி வாசித்தான் என்பதற்கு வெளியே ஒரு சாட்சியும் இல்லை அப்பா. இன்னும் கொஞ்ச காலத்தில் நாங்களே மறந்துபோவோம். அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளை மாதிரி,
கண்ணுச்சாமி


வில்லாபுரம், மதுரை
20-1-1980

அன்புள்ள தம்பி கண்ணுச்சாமி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் அதிகம் பேசிவிட்டதாகத் தோன்றியது.

ஸ்பூல்கள் இருக்கின்றன. படுக்கையில் கிடந்தபோது அவன், "டேப்பைச் சும்மா வச்சா ஒட்டிக்கிரும்ப்பா. வாரத்துக்கு ஒருக்கா ஓடவிடுங்க" என்றான். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடிக்குப் போய், வரிசைப்படி ஒரு ஸ்பூலை எடுத்து ஓடவிடுகிறேன். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் தினமும் தண்ணீரைச் சோதித்துக் காலம் கழித்தவன் நான். முறை தவறாமல் ஒன்றைச் செய்யத் தெரியும், அவ்வளவுதான். அவன் நன்றாக வாசித்திருக்கிறானா என்று என்னிடம் கேட்டுவிடாதீர்கள். முதலில் கேட்டபோது பாத்திரக்கடை அலமாரி சரிந்தது போல் இருந்தது. இப்போது அப்படி இல்லை. ரசனை வந்திருக்கிறதா, பழகிப்போய்விட்டதா என்று எனக்கு நிச்சயமில்லை.

அன்னக்கொடிக்கு அந்தக் கிதாரே ஆகாது. "அந்தக் கட்டைதான் எம்புள்ளையத் தின்னுச்சு" என்பாள். அவன் போன பிறகு அவள் மாடி ஏறியதில்லை. ஆகவே ஸ்பூல் அனுப்புவது பற்றி அவளிடம் பேச்செடுக்கவில்லை.

எதை அனுப்பலாம் என்று யோசித்து நீல அட்டைப்பெட்டியில் உள்ளதை எடுத்து வைத்திருக்கிறேன். அதில்தான் ஒரே வாசிப்பு நீளமாக வருகிறது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. மாடி அறைக்கு நேர் கீழே அடுப்படி. அதனால் வீட்டுச் சத்தம் சில இடங்களில் விழுந்திருக்கிறது. குழாயடியில் குடம் உருள்கிறது. வாசிப்பின் நடுவில் அன்னக்கொடி அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவனும் வாசிப்பை நிறுத்திப் பதில் சொல்லிவிட்டுத் தொடர்கிறான். பம்பாயில் கேட்கும் பெரிய மனிதர்களுக்கு இதெல்லாம் அநாகரிகமாகப் படும். இயன்றால் நீக்கிவிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுச் சத்தத்தை வைத்து அவன் வாசிப்பை யாரும் மட்டமாக நினைத்துவிடக் கூடாது.

நாளை டவுன் பஸ்ஸில் வந்து தங்கள் தகப்பனாரிடம் கொடுக்கிறேன். நகல் எடுக்க இன்னொரு இயந்திரம் வேண்டுமாம். இங்கே இருப்பது அவனுடையது ஒன்றுதான். ஆகவே அசலையே அனுப்புகிறேன். தவறாக ஏதும் செய்கிறேனா என்று தெரியவில்லை. தாங்கள் அவனுடைய நண்பர். தங்களுக்குத் தெரியும்.

தங்கள் நலம் நாடும்,
ந. பேயாண்டி


பெங்களூர்
2-2-1980

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் ஒரு சண்டை. எனக்குப் போய் "அவர்கள்", "தாங்கள்" என்று எழுதுகிறீர்களே! விருமாண்டியை வைகிற மாதிரி என்னையும் வைதுகொண்டே எழுதுங்கள். அவனை நீங்கள் வைததே இல்லை என்பான். அப்படியானால் "நீ" என்றாவது எழுதுங்கள்.

லாட்ஜுக்கு வந்தீர்களாமே. எங்கள் அப்பா ஆள் தெரியாமல் "சிங்கிள் ரூமா, டபுளா?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு, "ரூம் வேண்டாமுங்க. விருமாண்டியக் கொண்டாந்திருக்கேன்" என்றீர்களாம். போனில் இதைச் சொல்லும்போது அந்த மனுஷன் அழுதுவிட்டார். கஸ்டமருக்கு மாற்றுத் துண்டு கொடுக்கவே யோசிக்கிற ஆள் அவர்.

ஸ்பூலைக் கேட்டேன் அப்பா. நாங்கள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டோம். மேடையில் அவன் வேகமாக வாசிப்பான், ஜனம் கத்தும். இதில் வேகமே இல்லை. ஒரு கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி வாசிக்கிறான். உடம்பில் தெம்பில்லாமல் அப்படியா, வேண்டுமென்றே அப்படியா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். எதுவாக இருந்தால் என்ன? இந்த நாட்டில் கிதாரை இப்படி யாரும் தொட்டதில்லை.

பம்பாய்க்காரரும் வேலையாக இங்கே வந்தபோது கேட்டுவிட்டார். போடுகிறோம் என்று சொல்லிவிட்டார். இங்கே ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து ஒழுங்குபடுத்தி அனுப்பச் சொல்கிறார். ஸ்டுடியோக்காரர் இந்த மாதம் நடுவில் நேரம் தருகிறார். நீங்கள் சொன்னபடியே வீட்டுச் சத்தத்தையெல்லாம் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். கவலைப்படாதீர்கள்.

உங்கள்,
கண்ணுச்சாமி


வில்லாபுரம், மதுரை
13-2-1980

அன்புள்ள கண்ணுச்சாமிக்கு,

நீ சொன்னபடி "நீ" என்றே எழுதுகிறேன். கை கூசுகிறது. பழகிக்கொள்வேன்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். உன் கடிதம் போன புதன்கிழமையே வந்துவிட்டது. அன்றே எழுதியிருக்க வேண்டும். வேலை நடந்துகொண்டிருக்கும்போது குறுக்கே விழுவது சரியா என்று யோசித்து நாட்களைக் கடத்திவிட்டேன்.

இரண்டாம் தேதி சனிக்கிழமை. வரிசைப்படி அன்று நீலப்பெட்டி ஸ்பூலின் முறை. அது இல்லாததால் அதற்கடுத்ததை ஓடவிட்டேன். முடிந்து இறங்கி வந்தால் அன்னக்கொடி கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமைகளில் அவள் அங்கே உட்கார்வது வழக்கம்தான். மாடிப்படியில் காற்று வரும். சாப்பிட்ட அசதிக்கு உட்கார்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"இன்னைக்கு அவன் பேசுற டேப்பு இல்லையா?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எது?" என்றேன்.

"நான் கூப்பிடுவேன்ல. 'விருமா, சோறு ஆறுது, இறங்கி வாடா'ன்னு. அவன் 'இந்தா வாரேன்த்தா'ம்பான்ல. அந்தக் கருமம் பிடிச்ச சத்தத்தை இம்புட்டு நேரமும் பொறுத்துக்கிட்டுக் கிடக்குறது பெறகு எதுக்காம்?"

நான் அதைத் திருச்சிக்காரர் ஒருவர் கேட்க வாங்கிப் போயிருக்கிறார் என்று பொய் சொன்னேன். திருச்சி ஏன் என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. "சீக்கிரம் வாங்கிட்டு வாங்க. அடுத்த முறைக்குள்ள வந்துரணும்" என்றாள். ஸ்பூல்களின் முறைகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு மற்ற ஸ்பூல்கள் எல்லாவற்றையும் சனிக்கிழமை பார்க்காமல் ஓட்டிக் கேட்டுவிட்டேன். எதிலும் அவன் பேசவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. அவன் குரல் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

ஆகையால் உன்னிடம் ஒரு வேண்டுகோள். குடம் உருள்வதை எடுத்துவிடட்டும். அந்த ஒரு இடத்தை மட்டும் தொட வேண்டாம் என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்ல முடியுமா? இசைத்தட்டில் வேண்டாம் என்றால் பரவாயில்லை. ஸ்பூலில் இருந்தால் போதும்.

நேற்றுத் தந்தி அடிக்கலாம் என்று தந்தி ஆபீஸ் வரை போனேன். தந்தி பாரத்தை வாங்கி எழுதவும் செய்தேன். அப்புறம், நம் ஊரில் தந்தி என்றால் என்னவென்று நினைப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அன்னக்கொடிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீ பதறிப்போவாய். இரண்டு வார்த்தைக்காக ஒரு பிள்ளையைப் பதற வைக்க வேண்டுமா என்று பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். கடிதமே போதும் என்று நினைக்கிறேன்.

தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

அன்புடன்,
ந. பேயாண்டி


பெங்களூர்
27-2-1980

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். உங்கள் கடிதம் பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மதியமே வெட்டிவிட்டார்கள்.

பிளேடால் டேப்பை வெட்டி ஒட்டுவார்கள் அப்பா. அப்படித்தான் செய்ய முடியும். வெட்டின துண்டு கையகலம் இருக்குமா, முழ நீளம் இருக்குமா, எனக்குத் தெரியாது. கீழே போடுவார்கள். சனிக்கிழமை பெருக்கிவிட்டார்கள். கடிதத்தைப் பிரித்ததும் அப்படியே ஓடினேன். குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பெருக்குகிற அம்மாவை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருக்கிற குழியில் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டதாகச் சொன்னார்.

எங்கள் கச்சேரி டேப்புகளை எல்லாம் போட்டுக் கேட்டேன், ஒரு வார்த்தையாவது அகப்படாதா என்று. மேடையில் அவன் வாயே திறக்க மாட்டான். "நீ பேசுடா மாப்ள, எனக்கு வெக்கமா இருக்கு" என்பான். பேசுவது முழுவதும் நான்தான். என் குரல்தான் கேட்கிறது. எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நான் ஒரு தடவை உங்களைக் கேட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் நாங்கள் நாலு பேரும் அழுதோம் அப்பா. அவன் குரலைக் கேட்டு. அழுதுவிட்டும், நீங்கள் எழுதியிருந்ததைத்தான் ஸ்டுடியோக்காரரிடம் சொன்னேன். பெரியவர் சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் நான் வந்து சொல்லட்டுமா?

கண்ணுச்சாமி


வில்லாபுரம், மதுரை
8-3-1980

அன்புள்ள கண்ணுச்சாமிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ வர வேண்டாம். உன்மேல் குற்றம் ஏதும் இல்லை. நான் எழுதியதைத்தான் நீ செய்தாய்.

ஸ்பூல் பெங்களூரில் இருக்கிறது, பெரிய இசைத்தட்டாகப் போடப் போகிறார்கள் என்ற அளவுக்கு அன்னக்கொடியிடம் சொல்லியிருக்கிறேன். "அதுல பேசுவானா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "பேசுவான்" என்றேன்.

இன்று அவன் போய் வருஷம் திரும்புகிறது. அவனுக்குப் பிடித்ததைப் படைத்துக் கும்பிட்டோம். காமாலைக்கு ஆகாது என்று அப்போது கொடுக்காத கறிக்குழம்பும் வைத்தாள்.

அன்புடன்,
ந. பேயாண்டி


பெங்களூர்
4-11-1980

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்துவிட்டது! தனிப் பார்சலில் ஒரு தட்டு அனுப்பியிருக்கிறேன். "மதுரை டேப்ஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அட்டையில் கோபுரம் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கோயிலுக்குப் போய் யார் பார்த்தது? பெயரையும் வெறும் "விரு" என்றுதான் போட்டிருக்கிறார்கள். முழுப் பெயர் அட்டையில் நிற்காது என்கிறார் பம்பாய்க்காரர். நன்றாகச் சண்டை போட்டேன்.

ஆனால் அப்பா, கேட்கிறார்கள்! இங்கே காலேஜ் விடுதிகளில் ஓடுகிறது. பம்பாய்ப் பத்திரிகை ஒன்றில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். தட்டின் முதல் பக்கத்து நடுவில், தாளம் சட்டென்று அறுந்து வேறொரு இடத்தில் போய் விழுகிறதே, அந்தத் துள்ளலைத்தான் விமர்சகர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். "மரணத்தை அருகில் பார்த்த ஒரு கலைஞனால் மட்டுமே இப்படித் தாவ முடியும்" என்கிறார். போன வாரம் ஒரு கச்சேரிக்குப் போனேன். புதுப் பையன் ஒருவன் அந்தத் துள்ளலை அப்படியே வாசிக்கிறான். ஜனம் எழுந்து நின்று கை தட்டுகிறது. விருமாண்டி போன பிறகு அவனை மாதிரி வாசிக்க ஆள் வந்துவிட்டது அப்பா. இதற்குத்தானே ஆசைப்பட்டோம்?

இரண்டாவது தட்டும் கேட்கிறார்கள். மற்ற ஸ்பூல்களையும் தருவீர்களா? இந்த முறை மேலே ஒரு பாடகரைப் பாட வைத்து, பின்னால் டிரம்ஸும் சேர்க்கலாம் என்கிறார்கள். டிரம்ஸ் நான்தான் வாசிப்பேன். அவன் இல்லாமல் அவனோடு வாசிக்க வேண்டும். ஆனாலும் ஆசையாக இருக்கிறது.

அம்மா கேட்டார்களா? என்ன சொன்னார்கள்? கேட்கவும் பயமாக இருக்கிறது.

உங்கள்,
கண்ணுச்சாமி


வில்லாபுரம், மதுரை
30-11-1980

அன்புள்ள தம்பி கண்ணுச்சாமி அவர்களுக்கு,

பார்சல் உடையாமல் வந்து சேர்ந்தது. நன்றி. தாங்கள் கேட்டிருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

எங்களிடம் தட்டுப் போடும் பெட்டி கிடையாது. எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருக்கும் அழகுமலையைக் கேட்டேன். அவர் பெட்டியோடு பெரிய குழாயையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "வேப்பமரத்துல கட்டிவிடவாங்கய்யா? நம்ம விருமாண்டி பாட்டு அவனியாபுரம் வரைக்கும் கேக்கட்டும்" என்றார். வேண்டாம், வீட்டுக்குள் கேட்டால் போதும் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அன்னக்கொடி காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு வெளுத்த சேலை கட்டியிருந்தாள். கூடத்தில் பெட்டிக்கு நேராகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அழகுமலை தட்டைப் போட்டார். வழக்கமான ஆரம்பம். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்கய்யா, மியூசிக்கே ஓடிக்கிட்டிருக்கு. ஆளு எப்பப் பாடுவாரு?" என்று கேட்டார். அன்னக்கொடி, "பேசாம இருங்க அண்ணே. வருவான்" என்றாள்.

அந்த இடம் வருவதற்கு முன் கம்பியை மேலே மேலே இழுப்பான். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிப் பக்கம் சாய்ந்தாள். பத்திரிகைக்காரர் எழுதியிருக்கும் துள்ளல் வந்தது. வாசிப்பு மேலே போய்க்கொண்டே இருந்தது.

"இன்னும் வரலையே?" என்றாள் என்னிடம்.

"அடுத்த பக்கத்துல இருக்கும்" என்றேன்.

அழகுமலை தட்டைத் திருப்பிப் போட்டார். அதுவும் முடிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. "அண்ணே, மொதப் பக்கத்த இன்னொருக்கா போடுங்க" என்றாள். போட்டார். கம்பி மேலே ஏறியது. துள்ளல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவள் மாடிப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி, அடுப்படியிலிருந்து கூப்பிடுவாளே, அதே குரலில், "விருமா, சோறு ஆறுது, இறங்கி வாடா" என்றாள்.

கிதார் நிற்கவில்லை.

அழகுமலை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து, "அண்ணனுக்குக் காப்பி போடுறேன்" என்று உள்ளே போய்விட்டாள். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தந்தி ஆபீஸ் வரை போனதைச் சொல்லியிருப்பேன். சனிக்கிழமைகளில் இப்போது படிக்கட்டில் உட்கார்வதில்லை.

பத்திரிகையில் வந்ததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இசை தெரியாது. நான் சொல்வது பிழையாக இருக்கலாம். அந்தத் துள்ளல் அவன் வாசித்தது அல்ல. அந்த இடத்தில் அவன் தாயாருக்குப் பதில் சொல்ல வாசிப்பை நிறுத்தியிருந்தான். விட்ட இடமும் தொட்ட இடமும் வெட்டி ஒட்டப்பட்டு ஒன்றாகக் கேட்கின்றன. அந்தப் புதுப் பையன் மெனக்கெட்டுக் கற்று வாசிப்பதும், ஜனம் எழுந்து நின்று கை தட்டுவதும் பிளேடு விழுந்த இடத்துக்குத்தான். இதைத் தாங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். அவன் பெயரில் ஒரு புகழ் நிற்கிறது. அதுவும் போனால் அவனுக்கு வெளியே ஒன்றும் மிஞ்சாது. தங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன். எழுதியிருக்க வேண்டாமோ என்றும் இப்போது தோன்றுகிறது.

மற்ற ஸ்பூல்களைக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும், டேப் ரெக்கார்டரையும், கிதாரையும் நாளை லாட்ஜில் கொடுத்துவிடுகிறேன். பாடகரைச் சேர்ப்பதும் டிரம்ஸ் சேர்ப்பதும் தங்கள் விருப்பம். என்னைக் கேட்க வேண்டியதில்லை. இனி வரும் தட்டுகளை எங்களுக்கு அனுப்பவும் வேண்டாம். மாடி அறையைக் கூட்டிப் பூட்டிவிட்டேன். ஓடவிட இனி இங்கே ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை தாங்கள் ஓடவிட்டால் ஒட்டாது.

கஷ்டப்பட்டு வெட்ட வேண்டிய அவசியமும் இந்த முறை இருக்காது. ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சத்தம் எதுவும் அவற்றில் இல்லை.

தங்கள்,
ந. பேயாண்டி